பூட்டிய மூலமும் திறந்த உரையும்: டி.வி.டி. யாத்த மென்பொருள்களின் வரலாறு

டி.வி.டி. என்னும் ஒளித்தகடு நம் வீடுகளை விட்டு ஏறக்குறைய வெளியேறிவிட்டது. கல்யாண வீடியோ அடங்கிய தகடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி பரணில் கிடக்கிறது. வழக்கொழிந்த இப்பொருளைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு எதற்கு ஒரு நீண்ட கட்டுரை என்று கேட்கலாம். ஒரு நூலை ஆக்குவதற்கான இலக்கணமே விலைக்கு விற்கப்பட்டு, வாங்கியவர் அதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் பெறப்பட்ட ஒரு காலம் நம் கண்முன்னே நடந்து முடிந்திருக்கிறது என்பதே என் விடை. டி.வி.டி. தயாரிக்க விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் நல்லதா, இலவசமாகக் கிடைப்பது போதுமா என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உலகெங்கும் விவாதித்தார்கள். விவாதம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாகவே இருந்தது. அப்பணம் எதற்கான விலை என்று கேட்டவர்கள் குறைவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இத்தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'ஆதரிங்' என்று பெயர்; நூலாசிரியனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. படம் எடுப்பது வேறு. எடுத்ததை வெட்டித் தொகுப்பது வேறு. வெற்றுத் தகட்டில் பதிவது, நம்மூர் வழக்கில் 'ரைட் பண்ணுவது', வேறு. தொகுத்து முடித்த படத்தை இயல்களாகப் பகுத்து, முகப்பில் மெனு அமைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே செல்ல வேண்டும் என விதித்து, ஒலித்தடங்களையும் வசன வரிகளையும் உரிய இடத்தில் பிணைத்து, எந்தப் பிளேயரில் போட்டாலும் ஓடும்படி ஒழுங்கு செய்வதே ஆதரிங். தமிழில் இதற்குப் பொருத்தமான பழைய வினை ஒன்று உண்டு: யாத்தல். கட்டுதல் என்பதே அதன் முதற்பொருள். செய்யுள் யாத்தல், நூல் யாத்தல் என்பவையெல்லாம் அதன் வழி வந்தவை. துண்டுகளை ஒன்றோடொன்று கட்டி ஒரு முழுமையாக்கும் இவ்வேலையைத் தகடு யாத்தல் என்றே இக்கட்டுரையில் வழங்குகிறேன்.

டி.வி.டி.யின் பிறப்பே ஓர் உடன்படிக்கையின் பிறப்பு. தோஷிபாவும் டைம் வார்னரும் ஒருபுறம், சோனியும் பிலிப்ஸும் மறுபுறம் என இரு போட்டி வடிவங்கள் உருவாகியிருந்தன. ஒளிநாடாக் காலத்தில் பீட்டாமேக்ஸும் வி.எச்.எஸ்.ஸும் மோதியதில் ஏற்பட்ட இழப்பை எவரும் மறந்திருக்கவில்லை. எனவே 1995இன் இறுதியில் சமரசம் கண்டு ஒரே வடிவத்தை ஏற்றனர். 1996 நவம்பர் 1 அன்று ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் அது கடைக்கு வந்தது. பத்து நிறுவனங்கள் சேர்ந்த அவ்வமைப்பு பின்னர் டி.வி.டி. ஃபோரம் என்று பெயர் பெற்றது.

அவ்வமைப்பின் கையில் ஒரு நூல் இருந்தது. தகட்டில் எந்தப் பைட் எங்கே நிற்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று சொல்லும் விதிநூல். அதைப் பெற 5000 டாலர் செலுத்த வேண்டும். உள்ளே இருப்பதை வெளியிடமாட்டேன் என்று ஒப்பந்தமும் எழுதித்தர வேண்டும். நூலகத்தில் கிடையாது, புத்தகக் கடையில் கிடையாது. இணையத்தின் பெருவளர்ச்சி அதன் நெறிமுறைகள் யாவும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருந்ததால் நிகழ்ந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த மறைப்பின் தன்மை விளங்கும். நம் மரபில் சுவடிகள் மறைக்கப்பட்ட கதைகள் உண்டு. ஆனால் யாப்பிலக்கணத்தை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கற்பித்த ஆசிரியரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

அந்நூல் விதித்த உலகம் நுட்பமானது. ஒரு தகட்டில் அதிக அளவாக 99 தலைப்புத் தொகுதிகள். படத்துடன் 8 ஒலித்தடங்கள். 32 வசன வரித் தடங்கள். ஒரே காட்சியை 9 கோணங்களிலிருந்து காட்டும் வசதி. ஒளி, ஒலி, வசனம் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது; ஒளிக்கு மட்டும் 9.8. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. பலர் அறியாதது, ஒவ்வொரு டி.வி.டி. பிளேயருக்குள்ளும் ஒரு சிறு கற்பனைக் கணினி உண்டு என்பது. எட்டு எட்டு பைட்டுகளாலான கட்டளைகளை அது படிக்கும். நினைவில் வைத்துக்கொள்ள அதனிடம் இருப்பவை வெறும் 16 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 16 பிட் அளவுள்ள ஓர் எண் மட்டும் அடங்கும். ஒரு பாடல் முடிந்ததும் மெனுவுக்குத் திரும்புவதா அடுத்த பாடலுக்குப் போவதா என்பதைப் பிளேயர் நினைவில் கொள்வது இந்தப் பெட்டிகளில்தான். இவ்வளவு சிறிய இடத்தில் விளையாட்டுகளையும் புதிர்களையும் அமைத்தவர்கள் இருந்தார்கள். வெண்பாவின் இறுக்கத்தை அறிந்தவர்க்கு அவர்கள் பெற்ற இன்பம் புரியும்.

தொடக்கத்தில் தகடு யாக்கும் கருவிகள் அனைத்தும் விலைக்குரியவையாகவே இருந்தன. அதுவும் பல்லாயிரக்கணக்கான டாலர் விலைக்கு. ஹாலிவுட் கூடங்களில் கோலோச்சிய சீனரிஸ்ட் என்னும் மென்பொருளை ஆக்கியது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பெயர்பெற்ற டைகின் நிறுவனம். நம் வங்கிகளின் சுவரில் தொங்கும் அதே டைகின். சீனரிஸ்ட் முதலில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் உயர்விலைப் பணிநிலையங்களில் ஓடியது. மறுபுறம் சோனிக் சொலூஷன்ஸ் நிறுவனம் தன் கருவியோடு வந்தது; 2001இல் டைகினின் டி.வி.டி. தொழிலையே வாங்கிக்கொண்டது. 1997இல் பயனியர் வெளியிட்ட முதல் டி.வி.டி. பதிவுக் கருவியின் விலை 17,000 டாலர். அந்நாளில் இலவச மென்பொருள் இருந்திருந்தாலும் அதைக்கொண்டு தனிமனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

2001 ஜனவரியில் நிலை மாறியது. தகடு எழுதும் கருவி பொருத்தப்பட்ட மேசைக் கணினியை ஆப்பிள் அறிமுகம் செய்தது. அதனோடு இரண்டு மென்பொருள்களையும் முன்வைத்தது. ஒன்று ஐ-டி.வி.டி.; கணினியோடு தனி விலையின்றி வந்தது. மற்றொன்று டி.வி.டி. ஸ்டுடியோ புரோ, விலை 999 டாலர். இரண்டும் ஆப்பிளுக்குள் முளைத்தவையல்ல. ஆஸ்டார்ட் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் டி.வி.டி. தொழிலை 2000இல் வாங்கியதன் விளைவு அவை. 2001 ஜூலையில் ஸ்ப்ரூஸ் டெக்னாலஜிஸ் என்னும் மற்றொரு நிறுவனத்தையும் ஆப்பிள் வாங்கியது. 2003இல் வந்த இரண்டாம் பதிப்பின் விலை 499 டாலராகக் குறைந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 23,000 ரூபாய். ஒரு விரிவுரையாளர் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுக்க வேண்டிய தொகை.

இலவசம், விலை என்னும் இருமை வாசகர் மனத்தில் பதிந்தது இந்த இணையால்தான். இலவசமானது எளியது, குறைவானது, வீட்டுக்குரியது. விலையுள்ளது அரியது, நிறைவானது, தொழிலுக்குரியது. ஐ-டி.வி.டி.யின் முதற்பதிப்பு ஒரு தகட்டில் 60 நிமிடங்களுக்கு மேல் ஏற்காது. கடற்கரை, குழந்தை, பிறந்தநாள் என அழகழகான வார்ப்புகள் உண்டு. அந்த வார்ப்புக்குள் உம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். இதே வழியில் மைக்ரோசாஃப்ட், 2007இல் வந்த விஸ்டாவின் உயர்பதிப்புகளில் விண்டோஸ் டி.வி.டி. மேக்கர் என்ற ஒன்றைச் சேர்த்துத் தந்தது. இவை இலவசம் என்று வழங்கப்பட்டாலும் உண்மையில் இலவசமல்ல. கணினியின் விலையில் கரைக்கப்பட்டவை. தேர்தல் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்கத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விலையின் இன்னொரு வேர் காப்புரிமையில் இருந்தது. டி.வி.டி.யின் ஒளி எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கப்படுகிறது. அம்முறை பல நிறுவனங்களின் காப்புரிமைகளால் பின்னப்பட்டது. அவற்றை ஒரே கட்டாக்கி உரிமம் வழங்க எம்பெக் எல்.ஏ. என்னும் அமைப்பு 1997 முதல் செயல்பட்டது. எம்பெக்-2 கொண்டு இயங்கும் ஒவ்வொரு கருவிக்கும் மென்பொருள் பிரதிக்கும் கட்டணம். 2002 முதல் 2.50 டாலர். ஒரு பிரதிக்குச் சிறுதொகை. ஆனால் எத்தனை பிரதி போனது என்றே தெரியாமல் விநியோகமாகும் இலவச மென்பொருளுக்கு அது கட்டவே முடியாத கப்பம். இதன் விளைவை டி.எம்.பெக்.என்க் என்னும் ஜப்பானிய மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் நினைவுகூரலாம். எம்பெக்-1இல், அதாவது வி.சி.டி.க்கு, காலவரையின்றி இலவசமாகச் சுருக்கித் தந்தது அது. எம்பெக்-2 மட்டும் 30 நாள். முப்பத்தோராம் நாள் கதவு மூடிக்கொள்ளும். மென்பொருள் அதேதான், கை அதேதான். இடையே நின்றது காப்புரிமை.

இந்நிலையில் பணமும் இல்லாத, ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் விரும்பாத ஒரு கூட்டம் என்ன செய்தது என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

அவர்கள் மூலநூலைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்த்தார்கள். கடையில் விற்ற ஆயிரக்கணக்கான தகடுகள், விதிநூலின்படி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் போலக் கண்முன் கிடந்தன. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்தது எப்படி? திரும்பத் திரும்ப வந்த குறிகளை ஒப்பிட்டு, ஊகித்து, ஊகம் மற்றோர் இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்து. இவர்களும் அதையே செய்தார்கள். தகட்டிலுள்ள வி.ஓ.பி. கோப்புகளில் படமும் ஒலியும் இருக்கும், ஐ.எஃப்.ஓ. என்னும் சிறு கோப்புகளில் எது எங்கே உள்ளது, எதன்பின் எது என்னும் கட்டமைப்பு இருக்கும். ஒரு மெனுவில் ஓர் அம்பை இடம் மாற்றிய இரு தகடுகளை அருகருகே வைத்து, எந்த பைட் மாறியது என்று பார்த்தால் அந்த பைட்டின் பொருள் பிடிபடும். இப்படிப் படித்தறிந்ததை ஒருவர் இணையத்தில் எழுதுவார், மற்றொருவர் திருத்துவார். சில ஆண்டுகளில் விதிநூலின் பெரும்பகுதி, அதைப் பாராதவர்களின் உரையாக, எவரும் படிக்கும்படி எழுந்து நின்றது.

வழியில் பூட்டும் இருந்தது. திரைப்படத் தகடுகளின் படப்பகுதி சி.எஸ்.எஸ். என்னும் 40 பிட் சாவியால் பூட்டப்பட்டிருந்தது. 1999 அக்டோபரில் அதைத் திறக்கும் டி.சி.எஸ்.எஸ். என்ற நிரல் வெளியாயிற்று. வெளியிட்டவர்களில் பெயர் தெரிந்தவர் யோன் லெக் யோகன்சன் என்னும் 15 வயது நார்வே சிறுவர். அவர்மீது ஆஸ்லோவில் வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் விடுதலை, அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. அமெரிக்காவிலோ அந்நிரலை வெளியிட்ட 2600 என்னும் இதழுக்கு எதிராக 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கப்லன் தீர்ப்பளித்தார். 2001 நவம்பரில் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிரல் என்பது பேச்சா, கருவியா என்னும் வினா அவ்வழக்கில் எழுந்தது. பேச்சுதான் என்று காட்டுவதற்காக, சேத் ஷோன் என்பவர் அப்பூட்டைத் திறக்கும் முறை முழுவதையும் ஹைக்கூ வடிவில், நானூற்றுக்கும் மேற்பட்ட பத்திகளில் பாடிவைத்தார். மருத்துவமும் சோதிடமும் கணக்கும் விருத்தத்தில் இருக்கும் மொழிக்காரர்களான நமக்கு இது வியப்பல்ல. ஆனால் நீதிமன்றத்துக்கு விடையாகச் செய்யுள் எழுதப்பட்டது என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பூட்டு என்பது பிறர் தகட்டைப் படிப்பதற்கான தடை. சொந்தத் தகட்டை யாப்பவனுக்கு அது தேவையே இல்லை. ஐ.எஃப்.ஓ. கோப்புகள் பூட்டப்படவும் இல்லை. ஆகவே யாக்கும் மென்பொருளின் பிறப்புக்குப் பூட்டுடைப்பே காரணம் என்பது சரியன்று. ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் சிலர் ஆக்கிய ஓகிள் என்னும் பிளேயர் இதில் முக்கியமானது. டி.வி.டி.யின் மெனுக்களை இயக்கிக் காட்டிய முதல் கட்டற்ற பிளேயர் அது. மெனுவை இயக்கவேண்டுமானால் அந்த 16 பெட்டிகளின் மொழி தெரிந்திருக்க வேண்டும். ஓகிளின் படிப்பறிவு தனி நிரலகமாகப் பிரிந்து பிற மென்பொருள்களுக்குப் போயிற்று. படிக்கத் தெரிந்தபின் எழுதத் தொடங்குவது இயல்புதானே. ஸ்காட் ஸ்மித் என்பவர் தொடங்கிய டி.வி.டி. ஆதர் என்னும் நிரல் அவ்வாறு எழுந்தது. கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

அதன் முகம் கடுமையானது. பொத்தான் இல்லை, படம் இல்லை, வார்ப்பு இல்லை. தகட்டின் அமைப்பை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எக்ஸ்.எம்.எல். குறிகளோடு எழுதித் தர வேண்டும்: இது முகப்பு, இதில் நான்கு பொத்தான்கள், முதல் பொத்தான் அழுத்தினால் முதல் தலைப்பு, அது முடிந்தால் மீண்டும் முகப்பு. எழுதி ஆணையிட்டால் தகட்டின் கோப்புகள் பிறக்கும். அல்லது புரியாத பிழைச்செய்தி ஒன்று பிறக்கும். இக்கடுமையை மறைக்க அதன்மேல் பல முகங்கள் கட்டப்பட்டன. டி.வி.டி. ஸ்டைலர், கியூ.டி.வி.டி. ஆதர், டிவீட், பொம்போனோ என அவை பல. வெளித்தோற்றம் எதுவாயினும் அடியில் தகட்டைக் கட்டியது அதே டி.வி.டி. ஆதர்தான்.

ஆக, தேர்வு இரண்டுக்கிடையில் அல்ல, மூன்றுக்கிடையில் இருந்தது: விலைக்குரியது, கணினியோடு ஒட்டிவந்தது, கட்டற்றது. ஆங்கிலத்தில் பின்னிரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் குழப்பம் நேர்ந்தது. தமிழில் இலவசம் என்றும் கட்டற்றது என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. நம் மண்ணில் நான்காவது வழி ஒன்றும் இருந்தது. சொல்லாமல் விட்டால் வரலாறாகாது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள மென்பொருள்கள் சென்னையின் நடைபாதைகளில் உறையில் இட்ட திருட்டுத் தகடுகளாகச் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தன. நம் ஊர்ப்புறத்துக் கல்யாண வீடியோக் கடைகளில் விலைமென்பொருள் கோலோச்சியது விலைகொடுத்ததால் அன்று. கட்டற்ற மென்பொருள் இங்கே வேர்பிடிக்காமற்போனதற்கு, அதன் கடுமையைவிட, களவின் எளிமையே பெரிய காரணம் என்பது என் எண்ணம். திருட்டுப் பிரதி கிடைக்கும் இடத்தில் கட்டற்ற பிரதியின் பெருமை எடுபடுவதில்லை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட டி.வி.டி.யை 34 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது, படத்தின் விலை திருட்டுப் பிரதியோடு போட்டியிடும் அளவுக்கு இறங்கியது. மென்பொருளுக்கு அப்படி எவரும் இறங்கிவரவில்லை.

விலைக்குரியவற்றின் பெருமையை மறைக்கவேண்டியதில்லை. அடோபி நிறுவனத்தின் என்கோர் 2003இல் வந்தது. ஃபோட்டோஷாப்பில் வரைந்த மெனுவை அடுக்குகள் கலையாமல் அப்படியே ஏற்றது. அதன் வயிற்றுக்குள் ஓடியது சோனிக் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற எந்திரம் என்பது பலருக்குத் தெரியாது. விதிநூலைப் படித்தவர்கள் சிலர், அவர்களிடமிருந்து மற்றவர்கள் வாங்கினார்கள். தகட்டை ஆயிரக்கணக்கில் அச்சிடும் ஆலைகள் மூலப்பிரதியை டி.எல்.டி. நாடாவில், குறித்த அமைப்பில் கேட்டன. இரட்டைப் படலத் தகட்டில் 8.5 ஜிகாபைட் அடங்கும். ஒரு படலத்திலிருந்து மறுபடலத்துக்குத் தாவும் இடத்தில் காட்சி ஒரு நொடி திகைக்காதபடி, அந்த இடத்தைக் காட்சி மாறும் நொடியில் தேர்ந்து வைக்க வேண்டும். சீனரிஸ்ட்டில் அமர்ந்தவர் இவற்றையெல்லாம் செய்தார். ஆலைக்குப் போகும் தகட்டைக் கட்டற்ற மென்பொருளில் யாக்கச் சொல்லி எவருக்கும் நான் அன்று அறிவுரை கூறியிருக்கமாட்டேன்.

ஆனால் தமிழை ஏற்றும்போது, விலைக்குரியதும் கட்டற்றதும் ஒரே இடத்தில் தடுக்கின. டி.வி.டி.யில் வசன வரி என்பது எழுத்தன்று, படம். நான்கே நிறங்கள் கொண்ட சிறு சித்திரமாக அது திரைமேல் ஒட்டப்படுகிறது. அவற்றுள்ளும் ஒன்று பின்னணிக்குப் போய்விடும். எழுத்தைப் படமாக்கும் பொறுப்பு யாக்கும் மென்பொருளுடையது. ஒருங்குறியில் 'கெ' என்பதில் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு பின்னும் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். டி.வி.டி. ஆதரின் வசனக் கருவி எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்தது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ரோமன் எழுத்தை எண்ணி எழுதப்பட்ட எந்த நிரலுக்கும் அதே கதிதான். அரபிக்கும் ஹீப்ருவுக்கும் வழிசெய்தவர்கள்கூடக் கொம்புள்ள எழுத்துகளை நினைக்கவில்லை. பார்வை வரிசையிலேயே எழுத்தைச் சேமித்த பழைய திஸ்கி எழுத்துருக்கள் இந்த ஒரு பணிக்குப் புதிய ஒருங்குறியைவிட ஏற்றவையாக இருந்தன என்பது தமிழ்க் கணினி வரலாற்றின் முரண்களில் ஒன்று.

எங்கள் துறையில் பழைய ஒளிநாடாக்களில் இருந்த தெருக்கூத்துப் பதிவுகளைத் தகடாக்கியபோது கூத்துப் பாடல்களை வசன வரியாகச் சேர்க்க விரும்பினோம். ஒவ்வொரு வரியையும் வேறொரு மென்பொருளில் படமாக வரைந்து, நேரக்குறிப்போடு டி.வி.டி. ஆதருக்கு ஊட்ட மாணவர் ஒருவர் வழி கண்டார். அங்கும் ஓர் இடையூறு. எழுத்தின் வளைவுகளை மென்மையாகக் காட்ட, கணினி ஓரங்களில் சாம்பல் நிறச் சாயைகளைச் சேர்க்கும். நான்கு நிறத்துக்கு மேல் ஒன்று வந்தாலும் கருவி படத்தை ஏற்க மறுக்கும். வளைவே உடலான ழகரமும் ணகரமும் முதலில் பலியாயின. மென்மையை நீக்கிப் படிக்கட்டுப் போன்ற ஓரங்களோடு வரைந்த பிறகே ஏற்றது. அழகில்லை, ஆனால் பிழையில்லை. விலைக்குரிய மென்பொருளில் கொம்பு இடம் மாறினால் எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. இங்கே வழியைத் தடுத்தது எது என்று மாணவரால் நிரலிலேயே பார்க்க முடிந்தது.

இனி முடிவுக்காலம். அது எதிர்பாராத வேகத்தில் வந்தது. 2011 ஜூனில் ஆப்பிள் தன் தொழில்முறைத் தொகுப்பு மென்பொருளைப் புதிதாக்கியபோது டி.வி.டி. ஸ்டுடியோ புரோவைக் கைவிட்டது. அடுத்த மாதம் வந்த லயன் இயங்குதளக் கணினிகளில் ஐ-டி.வி.டி. இல்லை. 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்போடு என்கோரின் வளர்ச்சி நின்றது. அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8இல் டி.வி.டி. மேக்கரைக் காணவில்லை, தகட்டைப் பார்க்கும் வசதியையும் அடிப்படைப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கியது. உரிமக் கட்டணமே காரணம் என்று சொல்லப்பட்டது. சோனிக் நிறுவனம் 2011இல் ரோவி நிறுவனத்துக்குள் கரைந்தது. ஏறத்தாழ பதினெட்டு மாதங்களில் ஒரு கலைத்தொழிலின் கருவிகளில் பெரும்பாலானவை கடையிலிருந்து இறக்கப்பட்டுவிட்டன. இலவசமாக ஒட்டிவந்ததும் போயிற்று, விலைகொடுத்து வாங்கியதும் போயிற்று. கொடுத்த 999 டாலர் நீண்ட ஆயுளை வாங்கித் தரவில்லை.

மென்பொருள் நின்றால் தகடு நின்றுவிடுவதில்லை. யாத்தது அப்படியே இருக்கும். நின்றுபோவது திருத்தும் உரிமை. டி.வி.டி. ஸ்டுடியோ புரோவில் கட்டிய பணிக்கோப்பை அந்த மென்பொருளன்றி வேறெதுவும் திறக்காது. 2019இல் ஆப்பிள் 32 பிட் மென்பொருள்களை ஏற்க மறுத்த இயங்குதளத்தை வெளியிட்டபோது பழைய பிரதியை வைத்திருந்தவர்களுக்கும் வழி அடைபட்டது. ஓர் ஆவணப்படக்காரர் தன் தகட்டில் ஒரு பெயர்ப்பிழையைத் திருத்த விரும்பினால் பழைய கணினியொன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும். அல்லது முதலிலிருந்து யாக்க வேண்டும். சுவடியைப் பெயர்த்தெழுதத் தெரிந்தவர் போன பின் சுவடி மட்டும் மிஞ்சிய நிலை இது.

டி.வி.டி. ஆதருக்கு எழுதிய எக்ஸ்.எம்.எல். கோப்போ வெறும் உரை. எந்தக் கணினியிலும் திறக்கிறது. படித்தால் தகட்டின் அமைப்பு புரிகிறது. டி.வி.டி. ஆதர் இன்றும் டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. டால்பி ஒலிமுறையின் காப்புரிமை 2017இலும், எம்பெக்-2இன் கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியிலும் காலாவதியாயின. இருபதாண்டு காலம் கப்பத்துக்கு அஞ்சி இருந்த நிரல்கள் சட்டத்தின் முன்னும் தடையற்றவையாயின. அதற்குள் தகடு வாங்குவோர் அருகிவிட்டனர்.

அந்த முடிவுக்கு வேறொரு பக்கமும் உண்டு. சாயம் மங்கிக்கொண்டிருக்கும் பழைய தகடுகளை இன்று வன்வட்டுக்கு மாற்றுவோர் எதைக்கொண்டு மாற்றுகிறார்கள்? பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வி.எல்.சி.யைக் கொண்டும், ஓகிள் மாணவர்களின் படிப்பறிவிலிருந்து பிறந்த நிரலகங்களில் ஓடும் கருவிகளைக் கொண்டும். சீனரிஸ்ட்டில் யாத்த தகடானாலும், என்கோரில் யாத்ததானாலும், தெருமுனைக் கடையில் திருட்டுப் பிரதியால் யாத்ததானாலும், அவற்றின் இயல் பிரிப்பையும் வசன வரியையும் இன்று பலருக்குப் படித்துக் காட்டுவது மூலநூலைப் பாராதவர்கள் எழுதிய உரைதான். எங்கள் கூத்துத் தகடுகளில் சில இப்போது பிளேயரில் ஓடுவதில்லை. சென்ற மாதம் அவற்றின் கோப்புகளை இம்முறையில்தான் எடுத்தோம். ஒன்றில் மட்டும் கர்ண மோட்சத்தின் கடைசிப் பதினொரு நிமிடங்கள் வரவில்லை.